ஜூடி சில்லும் சிடியில் மிச்சமிருந்த இடமும்

ஒரே ஆல்பத்தை எத்தனை தடவை காசு குடுத்து வாங்குவீங்க? எல்பியா ஒரு தடவை, கேசட்டா ஒரு தடவை, சிடியா ஒரு தடவை. அப்புறம் அதே சிடி மேல "கூடுதல் பாடல்களுடன்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இன்னொரு தடவை நம்ம தலையில கட்டுவாங்க. நம்மள மாதிரி பாட்டுக் கிறுக்கனுங்க இருக்கிற வரைக்கும் அவங்க பொழப்பு ஓடும்.

இந்தக் கூடுதல் பாடல் சமாசாரம் சுத்த ஏமாத்து வேலைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். வேண்டாம்னு பாடினவங்களே தூக்கிப் போட்டதை எடுத்துத் தட்டுல வச்சு விக்கிறானுங்களேன்னு எரிச்சல் வரும். அந்த நினைப்பை மாத்தினது ஒரு அமெரிக்கப் பாடகி. பேரு ஜூடி சில். கூடவே என்னைப் பத்தியே ஒரு விஷயத்தையும் புரிய வச்சாங்க. அது கொஞ்சம் வெக்கக்கேடான விஷயம். அதையும் சொல்லிடறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

1970களின் தொடக்கத்துல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரையோ பியானோவையோ வாசிச்சுக்கிட்டுத் தானே பாடுறவங்க ஒரு கூட்டமா கிளம்பினாங்க. ஜோனி மிட்செல், ஜாக்சன் பிரவுன் பேரெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. ஜூடியும் அந்தக் கூட்டம்தான். ஆனா உயிரோட இருந்தப்ப வெளிவந்தது ரெண்டே ரெண்டு ஆல்பம். 1971இல் 'ஜூடி சில்', 1973இல் 'ஹார்ட் ஃபுட்'. ரெண்டும் சரியா விக்கலை.

2006இல் நான் ஆன்சைட்ல இருந்தேன். எங்க டீம்ல ரிட்டயர் ஆகப்போற வயசுல ஒரு பெரியவர். அவர் வீட்டு பேஸ்மென்ட் முழுக்க எல்பி ரெக்கார்டுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டுப் போய் 'ஹார்ட் ஃபுட்' எல்பியைப் போட்டுக் காட்டினார். அட்டையோட ஒரு மூலை வெட்டியிருந்துச்சு. விக்காம தேங்கிப்போன ரெக்கார்டுகளைக் கம்பெனிங்க இப்படி மூலையை வெட்டி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவாங்களாம். "இந்த வெட்டு இருந்தா அந்த ஆல்பம் செத்துப்போச்சுன்னு அர்த்தம்"னார்.

ரெண்டு பக்கமும் கேட்டு முடிச்சதும் நான் பெரிய மேதாவி மாதிரி ஒரு தீர்ப்பு சொன்னேன். "பாட்டு நல்லா இருக்கு. குரலும் நல்லா இருக்கு. ஆனா கம்பெனிக்காரன் எவனையோ வச்சு வயலினை வாளி வாளியா ஊத்திக் கெடுத்துட்டான். இந்தப் பொண்ணைத் தனியா பியானோ முன்னாடி விட்டிருந்தா எங்கயோ போயிருக்கும்."

அவர் பதில் சொல்லலை. சிரிச்சார். அலமாரியிலேர்ந்து அதே ஆல்பத்தோட விரிவாக்கப்பட்ட சிடியை எடுத்துக் குடுத்து, "வீட்டுக்குப் போய் கடைசியில இருக்கிற பாட்டுகளை மட்டும் முதல்ல கேளு. அப்புறம் உள்ள இருக்கிற புத்தகத்தைப் படி. அப்புறம் பேசலாம்"னு அனுப்பிட்டார்.

அந்த சிடிக்கு வர்றதுக்கு முன்னாடி ஜூடியோட கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

1944இல் கலிஃபோர்னியாவுல பிறந்தவங்க. அப்பா ஓக்லண்ட்ல ஒரு பார் வச்சிருந்தார். அங்க இருந்த பியானோவுலதான் சின்ன வயசுல வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. அப்பா சீக்கிரமே இறந்துட்டார். அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டவர் கென் மியூஸ். நாமெல்லாம் பாத்து வளர்ந்த 'டாம் அண்ட் ஜெர்ரி'க்குப் படம் வரைஞ்ச அனிமேட்டர்கள்ல ஒருத்தர். வீட்டுக்குள்ள என்னவோ டாம் அண்ட் ஜெர்ரியை விட மோசமான சண்டை.

பதின்வயசுல ஒரு ஆளோட சேர்ந்து துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிச்சு மாட்டிக்கிட்டு, சீர்திருத்தப் பள்ளிக்குப் போனாங்க. அங்க வழிபாட்டுக்கு ஆர்கன் வாசிக்கிற வேலை கிடைச்சது. கொள்ளைக் கேஸ்ல உள்ள போன பொண்ணுக்கு காஸ்பெல் இசை கைவந்தது இப்படித்தான். வெளியே வந்தப்புறம் ஹெராயின், அதுக்குக் காசு புரட்ட கள்ளச் செக், அதனால மறுபடி ஜெயில். அந்தப் பழக்கத்திலேர்ந்து விடுபட்டு வந்தப்பதான் இனி பாட்டு எழுதறதுதான் வாழ்க்கைன்னு முடிவு பண்ணாங்க. அப்ப தங்க இடம் இல்லாம ஒரு பழைய காடிலாக் கார்லயே குடித்தனம் நடத்தியிருக்காங்க.

1969இல் 'த டர்ட்டில்ஸ்' குழு இவங்களோட 'லேடி-ஓ' பாட்டைப் பாடி வெளியிட்டாங்க. 1971இல் டேவிட் கெஃபன் அசைலம்னு புதுசா ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சார். அந்தக் கம்பெனி வெளியிட்ட முதல் ஆல்பம் ஜூடியோடதுதான். பின்னாடி ஈகிள்ஸ், லிண்டா ரான்ஸ்டாட், டாம் வெயிட்ஸ்னு எல்லாரும் வந்து சேர்ந்த கம்பெனி அது. முதல்ல வந்தவங்க முதல்ல மறக்கப்பட்டாங்க.

முதல் ஆல்பத்துல 'ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்'னு ஒரு பாட்டு. கிரஹாம் நாஷ் தயாரிச்சது. பாடகர் ஜே.டி. சௌதரோட இருந்த காதல் முறிஞ்சப்ப எழுதினது. நிகோஸ் கஸான்ட்ஸாகிஸோட 'கிறிஸ்துவின் கடைசி சபலம்' நாவல்ல, தச்சரான இயேசு ரோமானியர்களுக்குச் சிலுவை செஞ்சு தர்ற மாதிரி வரும். அந்த விஷயம் இவங்க மனசுல தச்சிருக்கு. தன்னை நோகடிச்சவனைத் திட்ட ஆரம்பிச்ச பாட்டு, அவனையும் மன்னிக்கிற இடத்துல போய் நிக்குது. 1972இல் ஹாலிஸ் குழுவும் காஸ் எலியட்டும் தனித்தனியா இதைப் பாடி வெளியிட்டாங்க.

கேட்கிறதுக்கு லேசான நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கும். காதைத் தீட்டிக்கிட்டு உள்ள போனா அடியில பாக் உக்காந்திருப்பார். ஒரே நேரத்துல ரெண்டு மூணு மெட்டு, ஒண்ணுக்கொண்ணு அடிமையாகாம தனித்தனியா நடந்து, சேர வேண்டிய இடத்துல சேருமே, அந்த சமாசாரம். இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) கேட்டவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தன்னைப் பாதிச்சவங்க யாருன்னு கேட்டா ஜூடி சொன்ன பேருங்க பாக், ரே சார்ல்ஸ், பித்தாகரஸ். ஆமாங்க, கணக்குப் புத்தகத்துல நம்மளைக் கொன்ன அதே பித்தாகரஸ் :-)

சரி, சிடிக்கு வருவோம்.

எல்பியில ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்தான் நல்ல தரமா பிடிக்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிஷம். 1982இல் வந்த சிடியில 74 நிமிஷம் வரைக்கும் பதியலாம். பழைய ஆல்பத்தை அப்படியே சிடியில போட்டா பாதி இடம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் பெட்டகத்துல கிடந்த டேப்புகளைத் தேட ஆரம்பிச்சாங்க. ஆல்பத்துல சேர்க்காம விட்ட பாட்டு, வீட்டுல பாடிப் பார்த்த மாதிரிப் பதிவு, கச்சேரிப் பதிவுன்னு எல்லாம் வெளிய வந்துச்சு. ஆரம்பம் என்னவோ வியாபாரம்தான்.

ரைனோன்னு ஒரு கம்பெனி இந்த வேலையில கில்லாடி. 1973இல் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ரெக்கார்டு கடையா ஆரம்பிச்சு, 1978இல் ரெக்கார்டு கம்பெனியா மாறினது. 1998இல் முழுசா வார்னர் கைக்குப் போச்சு. அசைலம் 1972லேயே வார்னர் கைக்குப் போயிருந்ததால, ஜூடியோட டேப்பெல்லாம் ரைனோவுக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. ரைனோ ஹேண்ட்மேட்னு ஒரு கிளையையும் நடத்தினாங்க. கடைக்கு வராது. இணையத்துல மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில, நம்பர் போட்டு விப்பாங்க. பெருசா விக்காதுன்னு தெரிஞ்ச ஆல்பங்களுக்காகவே ஏற்பட்ட வழி அது. 2003 வாக்குல ஜூடியோட ரெண்டு ஆல்பமும் அப்படித்தான் திரும்ப வந்துச்சு. மூலை வெட்டப்பட்டு முப்பது வருஷம் கழிச்சு.

அன்னிக்கு ராத்திரி, பெரியவர் சொன்ன மாதிரியே, 'ஹார்ட் ஃபுட்' சிடியை ஆல்பம் முடியற இடத்துலேர்ந்து ஓடவிட்டேன். ஜூடி தனியா பாடிப் பார்த்த மாதிரிப் பதிவுகள். 'த கிஸ்' வந்துச்சு. ஒரு குரல், ஒரு பியானோ. நான் கேட்டதுதான் கிடைச்சிருச்சு. வயலின் இல்ல, கம்பெனிக்காரன் இல்ல. ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன்.

ரெண்டாவது தடவை கேட்கும்போதுதான் பொறி தட்டுச்சு. எல்பியில வயலின்கள் மெல்ல மேல ஏறி, குரல் இறங்கும்போது எதிர்த் திசையில போகுமே, அந்த அசைவோட வித்து இங்கயே இருக்கு. அடியில நடக்கிற சுரங்கள் குரலுக்குத் துணையா மட்டும் வரலை. அதுங்களுக்குன்னு தனி நடை இருக்கு. உடனே ஆல்பத்துல உள்ள வடிவத்தைப் போட்டேன். மறுபடி மாதிரிப் பதிவு. மறுபடி ஆல்பம். இப்படியே மணி ரெண்டாச்சு. யாரும் வெளியிலேர்ந்து எதையும் ஊத்தலை. இந்தப் பொண்ணு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த கூட்டத்துக்குப் பத்து விரல் பத்தலை. அதனால ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

அப்புறம் சிடிக்குள்ள இருந்த சின்னப் புத்தகத்தைப் படிச்சேன். முதல் ஆல்பத்துக்கு வாத்தியக் கோர்ப்பு செஞ்சது டான் பேக்லியும் பாப் ஹாரிஸும். அதுல பாப் ஹாரிஸ் ஜூடியோட முன்னாள் கணவர். ஆனா 'ஹார்ட் ஃபுட்'ல அந்த வேலையைச் செஞ்சது ஜூடியேதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவங்களே எழுதி, ஆர்க்கெஸ்ட்ரா முன்னாடி நின்னு அவங்களே நடத்தியிருக்காங்க.

நான் "எவனையோ வச்சு"ன்னு சொன்னேனே, அந்த "எவனோ" இவங்கதான்.

வெக்கக்கேடுன்னு முதல்லயே சொன்னது இதைத்தான். ஒரு பொண்ணு பாடுது, பின்னாடி முப்பது வயலின் கேட்குதுன்னா, அந்த வயலினுக்கு எழுதினது கண்டிப்பா ஒரு ஆம்பளையாத்தான் இருக்கும்னு நான் எந்த ஆதாரமும் இல்லாம முடிவு பண்ணியிருந்தேன். யோசிச்சு எடுத்த முடிவுகூட இல்ல. யோசிக்காமலே வந்த முடிவு. அந்த எல்பியை 1973இல் கேட்டுட்டு "நல்ல குரல்"னு மட்டும் சொல்லிட்டுப் போனவங்களும் இதே தப்பைத்தான் பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். எல்பியில முடிஞ்ச வீடுதான் தெரியும், கட்டினது யாருன்னு தெரியாது. மாதிரிப் பதிவுல கொத்தனார் கை தெரியுது.

முதல் ஆல்பத்தோட விரிவாக்கப்பட்ட சிடியையும் அடுத்த வாரமே கடன் வாங்கினேன். அதுல 'த பேர்ல்', 'த ஃபீனிக்ஸ்'னு ரெண்டு பாட்டு கூடுதலா இருந்துச்சு. எங்கயோ கேட்ட பேரா இருக்கேன்னு பாத்தா, ரெண்டும் 'ஹார்ட் ஃபுட்'ல இருக்கிற பாட்டுங்க. முதல் ஆல்பத்துக்கே பதிவு பண்ணிட்டு, சரியா வரலைன்னு ஒதுக்கி வச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத் திருத்தி வெளியிட்டிருக்காங்க. கையில காசில்லாத காலத்துல, முடிஞ்ச பாட்டை முடியலைன்னு சொல்லித் தள்ளி வைக்க எவ்வளவு பிடிவாதம் வேணும்!

அதே சிடியில 1971 அக்டோபர்ல பாஸ்டன்ல பாடின கச்சேரியும் இருக்கு. பெரிய குழு மேடையேறதுக்கு முன்னாடி, யாருக்காகவோ வந்த கூட்டத்துக்கு முன்னாடி ஒத்தையாப் பாடற வேலை. ஜூடிக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது. பாட்டுக்கு நடுவுல அவங்க பேசறதைக் கேளுங்க. தேவலோகத்தைப் பத்திப் பாடிட்டு, பக்கத்துத் தெரு டீக்கடையில பேசற மாதிரி ஒரு பேச்சு.

'ஹார்ட் ஃபுட்'டோட கடைசிப் பாட்டு 'த டோனர்'. எட்டு நிமிஷம் ஓடும். ஆண்டவரிடம் இரக்கம் கேட்கிற பழைய கிரேக்க ஜெபம் ஒண்ணை, தன் குரலையே அடுக்கடுக்காப் பதிவு பண்ணி, ஒரு தேவாலயப் பாடகர் குழு அளவுக்குப் பெருக்கியிருப்பாங்க. எனக்கு சாமி விஷயத்துல பெரிய ஈடுபாடு கிடையாது. இருந்தும் இந்தப் பாட்டை ராத்திரி தனியா கேட்டா முதுகுல என்னவோ ஊரும். இது முடிஞ்சதும் குறைஞ்சது ஒரு நிமிஷம் அமைதி வேணும். விரிவாக்கப்பட்ட சிடியில அது கிடைக்காது. அடுத்த நொடியே கூடுதல் பாட்டு தொடங்கிடும். ஆல்பம் எங்க முடியணும்னு அவங்க முடிவு பண்ணினாங்களோ, அந்த முடிவை சிடி மதிக்கலை. கூடுதல் பாடல்கள் மேல எனக்கு இன்னும் மிச்சமிருக்கிற ஒரே வழக்கு இதுதான்.

இல்ல, இன்னொண்ணும் இருக்கு.

1974இல் மைக்கேல் நெஸ்மித்தோட ஸ்டூடியோவுல ஜூடி மூணாவது ஆல்பத்துக்குப் பாட்டுகளைப் பதிவு பண்ணாங்க. முடிக்கலை. கார் விபத்துகள்ல முதுகுல அடிபட்டு, வலி தாங்காம, விட்ட போதைப் பழக்கம் மறுபடி பிடிச்சுக்கிட்டது. 1979 நவம்பர் 23 அன்னிக்கு, போதை மருந்து அளவு மீறி, 35 வயசுல இறந்துபோனாங்க. தற்கொலைன்னு அரசுப் பதிவு சொல்லுது. தெரிஞ்சவங்கள்ல சிலர் அதை ஒத்துக்கலை. பத்திரிகையில ஒரு இரங்கல் குறிப்புகூட வரலை. ஜூடி போய்ச் சேர்ந்த விஷயமே பழைய நண்பர்கள் பலருக்கு வருஷக்கணக்கா தெரியாது.

அந்த முடியாத டேப்புகளை ஜிம் ஓ'ரூர்க் ஒலிக்கலவை செய்ய, 2005இல் 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ'ங்கிற பேர்ல வெளியிட்டாங்க. பாட்டெல்லாம் அருமை. சில இடத்துல துள்ளல்கூட இருக்கு. ஆனா ஒரு பாட்டு சரியா வரலைன்னா ரெண்டு வருஷம் தள்ளி வச்சவங்க, ஒவ்வொரு வயலினுக்கும் தானே எழுதினவங்க, இதை இப்படியே வெளிய விட்டிருப்பாங்களா? எந்த வாத்தியம் எங்க உரக்கக் கேட்கணும்ங்கிற முடிவை வேற ஒருத்தர்தானே எடுத்திருக்கார்? ஓ'ரூர்க் ரொம்ப மரியாதையோடதான் செஞ்சிருக்கார், அதுல குறையில்ல. ஆனாலும் அதைக் கேட்கும்போது, பூட்டாத வீட்டுக்குள்ள ஆள் இல்லாத நேரத்துல நுழைஞ்ச மாதிரி எனக்கு ஒரு கூச்சம் இருக்கு.

இதை அந்தப் பெரியவர்கிட்ட சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "நியாயம்தான். ஆனா நுழையாம இருந்திருந்தா, அந்த வீட்டைக் கட்டினது வேற யாரோன்னே நீ கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்திருப்ப"ன்னார். எனக்கு இன்னிக்கு வரைக்கும் இதுக்குப் பதில் தெரியலை.

ஒண்ணு மட்டும் உறுதி. அந்த மறுவெளியீடுகள் ஒரு கதவைத் திறந்து விட்டுச்சு. 2006இல் ரெண்டு ஆல்பமும் கூடுதல் பாடல்களோட சேர்ந்து 'அப்ரகடாப்ரா'ன்னு இங்கிலாந்துல வந்தது. 2007இல் பிபிசிக்காகப் பாடின பதிவுகள் வந்தது. 2022இல் 'லாஸ்ட் ஏஞ்சல்'ங்கிற பேர்ல ஒரு ஆவணப்படமே வந்துச்சு. இரங்கல் குறிப்பு வராத ஆளுக்கு நாற்பது வருஷம் கழிச்சு முழுநீளப் படம். அவங்களுக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா, ஒண்ணும் இல்லதான். காடிலாக் கார்ல படுத்திருந்த பொண்ணுக்கு அந்தக் காசு அப்ப வேண்டியிருந்தது.

கேட்கணும்னு நினைக்கிறவங்களுக்கு என் யோசனை: முதல்ல 'ஹார்ட் ஃபுட்'டை ஆரம்பத்துலேர்ந்து 'த டோனர்' வரைக்கும் கேளுங்க. அங்க நிறுத்திடுங்க. எழுந்து போய்த் தண்ணி குடிங்க, மொட்டைமாடியில நடங்க. மாதிரிப் பதிவுகளை அடுத்த நாள் வச்சுக்கலாம். கேட்டுட்டு, அந்த வயலின் யாரோடதுன்னு நான் நினைச்ச மாதிரியே நீங்களும் நினைச்சிருந்தா, கூச்சப்படாம ஒரு வரி எழுதுங்க. எனக்கும் துணைக்கு ஆள் வேணும்ல :-)